உள்ளூர்க் கட்டணம்

மாதத்தின் இரண்டாம் சனி, பதினொன்றரை மணி.
பிரிக்பீல்ட்ஸ் அஞ்சலகத்தில்
எண் எடுத்துக்கொண்டு உட்காருவார்கள் மூவர்.
கவுண்டர் மூன்று அழைத்தால்தான் எழுந்து வருவார்கள்,
இல்லையென்றால் எண்ணைக் கிழித்துப் புது எண்.
இரண்டில் இருப்பவன்
முகவரிகளைச் சத்தமாகப் படிப்பான்.
அதனால் இருக்கலாம்.
மூன்றில் நான்.

நாற்பது அஞ்சலட்டைகள், ரப்பர் வளையம் போட்டு.
எல்லாம் இன்செயின் சிறைக்கு.
பினாங்குப் பாலம், ஒராங் ஊத்தான், தேயிலைச் சரிவு,
ஒன்றில் மட்டும் பிளந்து வைத்த டுரியான்.
பூட்டிய அறைக்கு டுரியான் படம் அனுப்புவது
கருணையா கொடுமையா என்று
முத்திரை குத்தும்வரை யோசித்தேன்.

படிக்கக் கூடாதுதான்.
ஆனால் அட்டை, மறைக்க உறையில்லை.
ஓயமாட்டோம், விடமாட்டோம் என்றெல்லாம் கிடையாது.
இங்கே மூன்று நாளாக மழை.
எங்கள் பூனை அலமாரிக்குள் குட்டி போட்டிருக்கிறது.
உங்கள் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகிவிட்டோம்.

பழக்கியவள் தீரி.
பின்தெரு வாழையிலைக் கடையில் பானை கழுவுகிறவள்.
மதியக் கூட்டம் தொடங்குமுன் ஓடிவருவாள்,
ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு
பேனா வாங்கி ஒரு சுழியைப் பெரிதாக்குவாள்.
இந்தச் சுழி இல்லாவிட்டால் இது வேறொருத்தி என்பாள்.
அந்த வேறொருத்தியும் உள்ளேதான் இருப்பாள்
என்றார் ஒருமுறை தவமலர் டீச்சர்.
யாரும் சிரிக்கவில்லை.

ஸின் மார் ஊ, ஏழாண்டு.
ராணுவம் வந்த வாரம், இரவு எட்டு மணிக்கு
மாடியில் நின்று சட்டி தட்டியவள்.
ஊரே தட்டியதாம்.
அவள் சட்டிக்குச் சத்தம் கூடுதல் போல.
இதைச் சொல்லிவிட்டுத்தான் தீரி
கடைக்குத் திரும்பிப் போய்
தொண்ணூறு சட்டி கழுவினாள்,
ஒன்று இன்னொன்றில் இடிக்காமல்.

மூன்று வருடத்தில் பதில் என்று ஒன்றும் இல்லை.
திரும்பி வந்தவை பதினாறு,
விலாசதாரர் அங்கில்லை என்ற குறிப்போடு.
மாற்றிவிட்டார்களா, விட்டுவிட்டார்களா,
அதற்கெல்லாம் அந்தச் சீட்டில் கட்டமில்லை.
அந்த இன்னொன்றுக்கும் இல்லை.

போய்ச் சேராது என்று தெரிந்தே ஏன் சார்,
கேட்டேவிட்டேன் ஒருநாள்.
மிஸ்டர் கோ சில்லறை எண்ணிக்கொண்டே சொன்னார்:
கைதிக்குச் சேராவிட்டால் என்ன,
வெட்டித் தள்ளுகிறவன் படிப்பானே.
ஒரே பெயரை நாற்பது தடவை படித்தவன்
அவள்மேல் கை ஓங்கக் கொஞ்சம் யோசிப்பான்.
கொஞ்சம், என்று திரும்பவும் சொன்னார்.
பத்து சென் குறைந்தது. நான் போட்டேன்.

மே மாதம், வெள்ளி இரவு.
பின்தெருவில் குடிநுழைவுத் துறை லாரி.
தீரியிடம் ஐ.நா. அட்டையின் நகல் இருந்தது.
நகல் செல்லாதாம்.
மறுநாள் காலை கடைக்குப் பின்னால்
கழுவாத பானைகளில் காகம்.
முதலாளி புது ஆள் கேட்டு
அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தார்,
அதுவும் நல்ல கையெழுத்துதான்.

ஜூன், இரண்டாம் சனி.
ரப்பர் வளையத்துக்குள் நாற்பத்தொன்று.
நாற்பதிலும் சுழிகள் சின்னதாகவே இருந்தன.
கடைசி அட்டையை எடை போட்டேன், தேவையே இல்லாமல்.
இதற்கும் வெளிநாட்டு ஸ்டாம்பா?
தெரிந்துகொண்டேதான் கேட்டார் டீச்சர்.

எனக்கு என்ன வந்ததோ,
இரண்டில் இருப்பவனைப் போல வாய்விட்டுப் படித்தேன்:
தீரி. தடுப்பு முகாம். செமினி. சிலாங்கூர்.
உள்ளூர்க் கட்டணம்.
எண்ணோடு உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.
மிலோ குடித்துக்கொண்டிருந்த பையன்
உறிஞ்சுவதை நிறுத்தினான்.

பேனா கையில்தான் இருந்தது.
இவள் பெயரில் எந்தச் சுழி பெரிதாக வேண்டும்,
நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
அப்படியே குத்தினேன்.
முத்திரை
அன்றைக்கு அழுத்தமாகவே விழுந்தது.